பனி தூக்கிய வேலி: குளிர்நாட்டில் வீட்டு வேலியைத் திருத்துவது எப்படி?

மார்ச் மாத முடிவில் பனி கரையத் தொடங்கியதும் ரொறன்ரோ பெரும்பாகத்தில் பல வீடுகளின் பின்வளவில் ஒரே காட்சியைக் காணலாம். இலையுதிர் காலத்தில் நேராக நின்ற மரவேலி பக்கத்து வீட்டுப் பக்கம் சரிந்து நிற்கும். படலையின் கொக்கி பொருந்தாது. ஒரு தூண் மட்டும் மற்றவற்றைவிட நாலு விரல் உயர்ந்திருக்கும். "காத்துத்தான் விழுத்திப்போட்டுது" என்று வீட்டுக்காரர் சொல்வார். காற்றுக்கும் பங்குண்டு. ஆனால் காற்று வருமுன்னரே பெரும்பாலான வேலிகளைத் தளர்த்தி வைத்துவிடுவது அவற்றின் கீழே உறைந்து உருகும் மண்தான்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வேலி அடைத்துப் பழகிய கைகளுக்கு இது புதிய விடயம். ஊரில் கிளுவையோ பூவரசோ முள்முருக்கோ ஒரு கதியாலை வெட்டி, ஒரு முழக் குழியில் நட்டால் போதும். மழைக்கு அது வேர்விட்டுத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கிடுகும் பனையோலையும் உக்கினால் மறுபடி அடைப்போம். வேலியடைப்பு அங்கே பருவத்துக்குப் பருவம் வருகிற வேலை. கனடாவில் நாம் நடுவது உயிரற்ற தூண். அது வேர்விடாது. குழியின் ஆழமும் அதன் வடிவமும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஊர்க்கணக்கில் ஒன்றரை முழம் தோண்டி நட்ட தூண் இங்கே இரண்டு மூன்று குளிர்காலத்துக்கு மேல் நேராக நிற்பது அரிது. இதை எழுதுபவரும் தன் முதலாவது வேலியை இரண்டு அடி ஆழத்தில் நட்டு, மூன்றாவது வருடம் முழுவதையும் பிடுங்கி மீண்டும் நட்டவர்தான்.

இக்கட்டுரை தென் ஒன்ராறியோவை மையமாக வைத்து எழுதப்படுகிறது. வேறு குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆழமும் சட்டமும் மாறும்.

மண் எப்படித் தூணைத் தூக்குகிறது?

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடும். ஆனால் தூணைத் தூக்குவது இது மட்டுமல்ல. மேல்மண் உறையத் தொடங்கும்போது அது கீழே உள்ள ஈரத்தை மேல்நோக்கி இழுக்கிறது. இழுபட்ட நீர் மண்ணுக்குள் தகடு தகடாக உறைந்து தடிக்கிறது. களிமண்ணிலும் நுண்ணிய வண்டல் மண்ணிலும் இது மிக அதிகம். மணலிலும் சல்லியிலும் குறைவு, ஏனெனில் அங்கே நீர் வடிந்துவிடும். ரொறன்ரோ பெரும்பாகத்தின் பல பகுதிகளில் களிமண் என்பதால் பிரச்சினையும் கூட.

உறைந்த மண் தூணின் பக்கங்களையோ அதைச் சுற்றியுள்ள கொங்கிறீட்டையோ இறுகப் பற்றிக்கொண்டு மேலே எழும். தூணும் கூடவே எழும். வசந்தத்தில் மண் உருகி இறங்கும்போது தூண் பழைய இடத்துக்கு இறங்காது. அதன் அடியில் ஏற்பட்ட வெற்றிடத்தில் மண்ணும் கல்லும் விழுந்து நிரம்பியிருக்கும். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் எழும். ஆடும் பல்லைத் தினமும் அசைத்துக் கழற்றுவதுபோல, மண் தூணை வருடாவருடம் பிடுங்குகிறது. இப்படி அரைவாசி பிடுங்கப்பட்ட தூணைத்தான் ஒருநாள் காற்று வந்து சரிக்கிறது.

இதற்குத் தீர்வு, மண் உறையும் ஆழத்துக்குக் கீழே தூணின் அடி இருக்கும்படி நடுவது. தென் ஒன்ராறியோவில் பொதுவாக 4 அடி, அதாவது 1.2 மீற்றர் என்று கணக்கிடுகிறார்கள். ஒட்டாவா, மொன்றியல், வினிபெக் போன்ற நகரங்களில் இதைவிட ஆழம் தேவை. ஜேர்மனி, சுவிற்சர்லாந்து நாடுகளின் தாழ்நிலப் பகுதிகளில் 80 சென்ரிமீற்றர் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் இடத்துக்கான ஆழத்தை உள்ளூராட்சி சபையின் கட்டடப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.

முதலில் எது பழுது என்று பாருங்கள்

வேலி சரிந்தவுடன் முழு வேலியையும் மாற்றவேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். பழுது எங்கே என்பதைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும். ஒரு கயிறு, ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு மட்டக்கருவி ஆகிய மூன்றும் இருந்தால் அரை மணித்தியாலத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தூண்களின் உச்சியோடு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். கயிற்றுக்கு மேலே துருத்தும் தூண் மண்ணால் தூக்கப்பட்டது. அது மீண்டும் ஆழமாக நடப்பட வேண்டும்.

ஒவ்வொரு தூணையும் நெஞ்சு உயரத்தில் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். நிலமட்டத்தில் மட்டும் மடிந்து ஆடினால் மரம் உக்கியிருக்கலாம். கொங்கிறீட்டோடு சேர்ந்து ஆடினால் அடி ஆழம் போதாது, அல்லது மண் இன்னும் உருகிச் சேறாக இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆடும் தூண் மே மாதத்தில் இறுகிவிடுவதும் உண்டு. எனவே ஈரம் வற்றிய பின்னர் ஒருமுறை மீண்டும் பாருங்கள்.

நிலமட்டத்தில் தூணை ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை மட்டும் பதியும். உக்கிய மரத்தில் சுலபமாக உள்ளே போகும். காற்றும் ஈரமும் சந்திக்கும் இடம் என்பதால் உக்கல் பெரும்பாலும் நிலமட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழுமாகவே தொடங்கும்.

தூண்கள் எல்லாம் உறுதியாக இருந்து, பலகையோ இரண்டு தூண்களை இணைக்கும் கிடைச்சட்டமோ மட்டும் உடைந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அது ஒரு சனிக்கிழமை வேலை. கிடைச்சட்டத்துக்கு 2×4 மரம், பலகைக்கு அதே அகலப் பலகை, தூணோடு பொருத்த நாகப்பூச்சுப் பூசிய இரும்புத் தாங்கி. இவ்வளவுதான்.

கம்பிவலை வேலியில் மரக்கிளை விழுந்தால் வழக்கமாக மேற்குழாய் வளையும். வளைந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து, இணைப்புக் குழாய் போட்டு மாற்றலாம். வலை முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

குளிர்காலத்தில் விழுந்தால்

2013 டிசம்பர் உறைமழையின்போது ரொறன்ரோவில் மரக்கிளைகள் பனிக்கட்டிப் பாரத்தால் முறிந்து வேலிகள் மேலும் மின்கம்பிகள் மேலும் விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படி நடுக்குளிர்காலத்தில் வேலி விழுந்தால் உடனே நிரந்தரத் திருத்தம் செய்ய முயல வேண்டாம். உறைந்த மண்ணில் அலவாங்கும் இறங்காது. 5 பாகை செல்சியஸுக்குக் கீழே கொங்கிறீட் இறுகுவது மிக மெதுவாகும். இறுகுமுன் அது உறைந்தால் பலம் பெறாமலே நொறுங்கிவிடும். குளிர்காலத்தில் செய்யவேண்டியது தாங்கிப் பிடித்து வைப்பது மட்டுமே.

மின்கம்பி தொட்டுக்கொண்டிருந்தால், அல்லது தொடுகிறதா என்ற சந்தேகம் இருந்தாலே கிட்டப் போக வேண்டாம். கம்பிவலை வேலி என்றால் மின்சாரம் வேலி நெடுகிலும் பாயும். மின்சார நிறுவனத்தையும் அவசர சேவையையும் அழையுங்கள்.

ஆபத்து இல்லையென்றால் முதலில் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்ட ஒன்று, பக்கத்து வளவிலிருந்து அனுமதியோடு ஒன்று. காப்புறுதிக்கும் அயலவரோடு பேசுவதற்கும் பின்னர் உதவும்.

வேலியில் சாய்ந்திருக்கும் பனியை அகற்றுங்கள். வாகனத் தரிப்பிடத்துப் பனியை வேலியோரம் குவிப்பது நம்மில் பலர் செய்யும் தவறு. ஈரப்பனியின் பாரம் மிகப் பெரிது. அது ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சரிந்த பக்கத்திலிருந்து 2×4 மரத்தால் முட்டுக்கொடுங்கள். உறைந்த நிலத்தில் முளை அறைய முடியாது. ஆகவே முட்டின் அடியை நடைபாதைக் கல் அல்லது கொங்கிறீட் கட்டிகளால் தடுத்து வையுங்கள். உறுதியான அடுத்த தூணோடு இறுக்குப் பட்டியால் கட்டுவதும் நல்லது. முற்றாக விழுந்த பகுதியைக் கழற்றித் தட்டையாக நிலத்தில் வையுங்கள். நிமிர்த்திச் சாத்தி வைத்தால் அடுத்த காற்றில் அது பாய்மரமாகிப் பக்கத்துத் தூண்களையும் இழுக்கும்.

பிளாஸ்ரிக் வகை வேலியைக் கடுங்குளிரில் தட்டவோ வளைக்கவோ வேண்டாம். குளிரில் அது கண்ணாடிபோல் வெடிக்கும். உறைந்த மரத்தில் ஸ்குரூ ஏற்றுவதென்றால் முதலில் துளையிடுங்கள், இல்லையேல் பலகை பிளக்கும்.

ஒன்று மட்டும் வசந்தம்வரை காத்திருக்கக் கூடாது. பின்வளவில் நீச்சல் தடாகம் இருந்து அதன் வேலி விழுந்திருந்தால் அன்றே தற்காலிக வேலி போடவேண்டும். மூடிய தடாகத்தின் மேல் படிந்த பனி, சிறுபிள்ளையின் கண்ணுக்கு வெறும் நிலம் போலவே தெரியும்.

தோண்டுமுன் எல்லையை உறுதிசெய்யுங்கள்

எல்லை என்றால் என்ன என்று எம்மவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இரவோடிரவாகக் கதியால் நகர்ந்ததால் தலைமுறைக்கும் பேச்சு நின்ற குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் பல ஆண்டுகளின் பின்னர் திரும்பியபோது, வேலியும் எல்லைக்கல்லும் கிணற்றடியும் அடையாளம் தெரியாமல் பற்றைக்குள் நின்று தங்கள் காணி எது என்று தேடினார்கள். வேலி போனால் உறுதியும் வரைபடமும்தான் சாட்சி என்பதை அனுபவத்தில் கற்றவர்கள் நாம். அந்தப் பாடம் இங்கும் பொருந்தும்.

பழைய வேலி நின்ற கோடுதான் எல்லை என்று எண்ணிவிட வேண்டாம். முன்பிருந்தவர் எங்கே நட்டாரோ யார் கண்டது? வீடு வாங்கியபோது சட்டத்தரணி தந்த கோப்பில் நில அளவை வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். மூலைகளில் நிலத்தோடு பதித்த இரும்புச் சட்டங்கள் எல்லையைக் காட்டும். அவற்றைப் பிடுங்கவோ நகர்த்தவோ கூடாது. ஐயம் இருந்தால், அல்லது அயலவர் மறுத்தால், உரிமம் பெற்ற நில அளவையாளரை அமர்த்துவது வழக்குச் செலவைவிட மலிவு.

வேலி முற்றிலும் உங்கள் காணிக்குள் இருந்தால் அது உங்களுடையது. செலவும் உங்களுடையது. எல்லைக்கோட்டின் மேல் நின்றால் பொதுவாக அது இருவருக்கும் பொது. அதைத் தொடுமுன் அயலவரின் சம்மதம் தேவை. செலவைப் பகிர்வது பற்றிப் பல மாநகர சபைகளுக்குத் தனி உபவிதிகள் உண்டு. அப்படி உபவிதி இல்லாத இடங்களில் ஒன்ராறியோவின் எல்லை வேலிச் சட்டம் பொருந்தும். அதன்படி சபை நியமிக்கும் மூன்று வேலி மத்தியஸ்தர்கள் நேரில் வந்து பார்த்து, யார் எந்தப் பகுதியைக் கட்டவேண்டும் என்று தீர்ப்பளிப்பார்கள். ஆனால் பெரும்பாலான வேலிகளுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எடுத்த படங்களையும், வேலைக்கான விலைமதிப்பீட்டையும் காட்டி, "இருவரும் பாதிப்பாதி போடலாமா?" என்று கேட்பதே போதும். ஒத்துக்கொண்டதை நாலு வரியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மொழி தடையாக இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் கூடநின்று உதவவேண்டிய இடம் இது. புரியாமல் தலையாட்டிய பேச்சுத்தான் பின்னர் சண்டையாகிறது.

எல்லையில் நிற்கும் மரம் வேலியைத் தள்ளுகிறதா? ஒன்ராறியோவில் எல்லைக்கோட்டில் வளரும் மரம் இரு வீட்டாருக்கும் சொந்தம். மற்றவரின் சம்மதமின்றி அதை வெட்டுவது குற்றம்.

உயரத்துக்கும் விதி உண்டு. ரொறன்ரோ மாநகரில் பின்வளவு வேலி பொதுவாக 2 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. முன்வளவில் அதைவிடக் குறைவு. சாதாரண வேலிக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. தடாக வேலிக்கு அனுமதி தேவை. பிரம்ரன், மார்க்கம், ஏஜக்ஸ் என்று ஒவ்வொரு நகருக்கும் தனி உபவிதி இருப்பதால் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ரொறன்ரோவில் 311ஐ அழைக்கலாம். மூலைவீட்டுக்காரர்கள், வாகனம் வெளியேறும் இடத்தில் பார்வையை மறைக்காதபடி வேலி தாழ்வாக இருக்கவேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர் வேலியைத் திருத்தத் தேவையில்லை. வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து நகலை வைத்திருங்கள். கொண்டோ நிர்வாகத்துக்குட்பட்ட தொடர்வீடு என்றால் வேலி பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பு. அனுமதியின்றி ஒரு பலகையும் மாற்ற வேண்டாம்.

நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது?

ஒன்ராறியோவில் மண்வெட்டி வைக்குமுன் நிலத்தடி இணைப்புகளை அடையாளமிடக் கேட்பது சட்டக் கட்டாயம். ஒரே ஒரு தூண் நடுவதென்றாலும் அப்படித்தான். ஒன்ராறியோ வன் கோல் சேவையிடம் இணையத்திலோ தொலைபேசியிலோ, தோண்டும் நாளுக்கு ஆகக்குறைந்தது 5 வேலைநாட்களுக்கு முன் விண்ணப்பியுங்கள். இது இலவசம். வசந்தகாலத்தில் கூட்டம் அதிகம் என்பதால் இன்னும் முன்கூட்டியே கேட்பது நல்லது.

அவர்கள் வந்து புல்லில் நிறம் தெளித்துப் போவார்கள். மஞ்சள் எரிவாயு. சிவப்பு மின்சாரம். செம்மஞ்சள் தொலைபேசி, இணையம். நீலம் குடிநீர். பச்சை கழிவுநீர். அடையாளத்தின் இருபுறமும் ஒரு மீற்றருக்குள் இயந்திரம் போடாமல் கையால் மட்டும் தோண்டவேண்டும். வாயுமானிக்கும் மின்மானிக்கும் அப்பால் நீங்களே போட்ட இணைப்புகள், உதாரணமாகக் கொட்டகைக்கு இழுத்த மின்கம்பி, இதில் அடங்காது. அவற்றைத் தனியார் மூலம் கண்டறிய வேண்டும். எரிவாயுக் குழாய் உடைந்தால் திருத்தச் செலவும் தண்டமும் உங்கள் தலையில் விழும். அதைவிடப் பெரிய விலை உயிர்.

தூணை மாற்றுதல்

தோண்டச் சிறந்த காலம் மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரை.

பழைய தூணை எடுத்தல்: இருபுறப் பலகைகளையும் கழற்றி இலக்கமிட்டு வையுங்கள். கொங்கிறீட் கட்டியைச் சுற்றி மண்ணை எடுத்து, ஒரு தடித்த மரத்தைத் தூணோடு பிணைத்து நெம்புங்கள். இரண்டு பேர் தேவை. அசையாவிட்டால் வாகனம் தூக்கும் ஜக் உதவும். கட்டி எடுக்கவே முடியாத அளவு பெரிதென்றால், தூணை நிலமட்டத்தில் வெட்டிவிட்டு, புதிய தூணைச் சற்றுத் தள்ளி நட்டுக் கிடைச்சட்டங்களின் நீளத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தூணின் நீளம்: இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது 8 அடித் தூண். 6 அடி உயர வேலிக்கு அதை வாங்கினால் நிலத்துக்குள் போவது 2 அடி மட்டும். அந்த வேலி நடுமுன்னரே தோற்றுவிட்டது. 6 அடி வேலிக்கு 10 அடித் தூண் வேண்டும். ஒப்பந்தகாரர் கொண்டு வந்து இறக்கும் தூணை அளந்து பாருங்கள். அதுவே அவரின் வேலையைச் சொல்லிவிடும்.

குழி: 10 அங்குல விட்டம், 4 அடி ஆழம், அதற்குக் கீழே சல்லிக்காக இன்னும் 6 அங்குலம். குழி தேநீர்க் கோப்பை போல மேலே விரிந்து கீழே ஒடுங்கக்கூடாது. மேலே விரிந்த கொங்கிறீட்டின் விளிம்பில் உறைந்த மண் தோள்கொடுத்துத் தூக்கும். அடி கொஞ்சம் அகன்றும் மேல் நேராகவும் இருப்பதே சரி. களிமண்ணில் கட்டடப் பொருட்கடையில் கிடைக்கும் வட்டக் கடதாசிக் குழாயை உள்ளே இறக்கி அதற்குள் கொங்கிறீட் ஊற்றினால் வெளிப்பக்கம் வழுவழுப்பாகி மண் பற்றுவது குறையும். குழி தோண்டும் இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுக்கலாம். கல்லில் சிக்கினால் அது ஆளையே சுழற்றும். தனியாக இயக்க வேண்டாம்.

நடுதல்: அடியில் சல்லி போட்டு இடித்து, அதன்மேல் தூணை நிறுத்துங்கள். இரண்டு பக்கங்களில் மட்டக்கருவி வைத்துப் பார்த்து, இரண்டு முட்டுக்கொடுத்துப் பிடித்த பின்னரே கொங்கிறீட் ஊற்றவேண்டும். மேலே சொன்ன அளவுக் குழிக்கு 30 கிலோ பை ஏறத்தாழ நான்கு தேவைப்படும். கம்பியால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மேற்பரப்பைத் தூணிலிருந்து வெளிப்புறமாகச் சரித்துவிட்டால் மழைநீர் தேங்காது. தூண்களுக்கிடையே 8 அடிக்கு மேல் வேண்டாம். காற்று அதிகம் வீசும் திறந்த இடமென்றால் 6 அடி நல்லது.

காத்திருத்தல்: பையில் குறிப்பிட்ட நேரம் எதுவானாலும், பலகைகளை ஏற்ற இரண்டு நாட்களாவது விடுங்கள். படலை தொங்கும் தூணுக்கு ஒரு கிழமை. ஈரச் சீமெந்து தோலை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

படலை: குளிர்காலத்தில் தூண் கொஞ்சம் அசைந்தாலும் படலை திறக்கவேண்டும். எனவே கீழே மூன்று நாலு அங்குல இடைவெளி விடுங்கள். சரிசெய்யக்கூடிய பிணைச்சல் வாங்குங்கள். பலகைகளின் அடியும் நிலத்தைத் தொடாமல் இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். தொட்டால் ஈரத்தை உறிஞ்சி உக்கும், நிலம் எழும்போது பலகையையும் தள்ளும்.

தூண் நிலமட்டத்தில் மட்டும் உடைந்து, கீழேயுள்ள கொங்கிறீட் ஆழமாகவும் உறுதியாகவும் இருந்தால், பக்கவாட்டில் அறைந்து இறக்கும் இரும்புத் தாங்கிகளால் சில வருடங்களுக்குத் தாக்குப்பிடிக்கச் செய்யலாம். மண் தூக்கிய தூணுக்கு இது உதவாது.

மரமும் ஸ்குரூவும்

மருந்தூட்டிய மரம் விலை குறைவு. சீடர் மரம் இயல்பாகவே உக்கலைத் தாங்கும், விலை கூட. தூண் நிலத்துக்குள் போவதால், நிலத்தொடர்புக்கு ஏற்றது என்று முத்திரை குத்திய மருந்தூட்டிய மரமாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டிய முனைகளில் அதற்கான பாதுகாப்புத் திரவத்தைப் பூசுங்கள். இன்றைய மருந்தில் செம்பு அதிகம். சாதாரண இரும்பு ஆணியை அது அரித்துவிடும். நாகத்தில் தோய்த்த அல்லது மருந்தூட்டிய மரத்துக்கென்றே பூச்சிட்ட ஸ்குரூதான் வேண்டும். வீதியோர வேலிக்கு உப்பும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. கனடாவில் 2003ஆம் ஆண்டு முடிவுவரை வீட்டு மரங்களுக்கு ஊட்டப்பட்ட மருந்தில் ஆர்சனிக் இருந்தது. பழைய வேலிப் பலகையைக் குளிர்காய எரிக்க வேண்டாம். அந்தப் பலகையால் கத்தரி, மிளகாய், கீரைப் பாத்தி கட்டவும் வேண்டாம். அறுக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். குப்பையில் போடும் முறையை மாநகர சபையிடம் கேளுங்கள்.

ஆளை அமர்த்துவதும் காப்புறுதியும்

2022 மே 21ஆந் திகதி தென் ஒன்ராறியோவைத் தாக்கியது போன்ற பெரும்புயலின் பின்னர் வீடு வீடாகத் தட்டி, "இன்றைக்கே முற்பணம் தந்தால் மலிவு" என்று சொல்பவர்கள் வருவார்கள். தெரிந்தவர், ஊரவர் என்பதால் மட்டும் எழுத்தில்லாமல் வேலை கொடுக்காதீர்கள். மூன்று விலைமதிப்பீடுகள் எடுங்கள். குழியின் ஆழம், தூணின் நீளம், இடைவெளி, பழைய கொங்கிறீட்டை யார் அகற்றுவது, நிலத்தடி அடையாளத்தை யார் கேட்பது என்பன ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி 10 நாட்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்யலாம். கொங்கிறீட் ஊற்றுமுன் குழிக்குள் அளவுநாடாவை விட்டுப் பாருங்கள். அதன் பின்னர் எவராலும் ஆழத்தை அளக்க முடியாது.

வீட்டுக் காப்புறுதியில் காற்றாலோ விழுந்த மரத்தாலோ ஏற்பட்ட வேலிச்சேதம் பொதுவாக அடங்கும். உக்கலும், மண் உறைந்து தூக்கியதும் பொதுவாக அடங்காது. நீங்கள் முதலில் செலுத்தவேண்டிய தொகை திருத்தச் செலவைவிடக் கூடுதலாக இருந்தால் கோரிக்கை வைப்பதில் பயனில்லை. அயலவரின் மரம் விழுந்தாலும் பெரும்பாலும் உங்கள் காப்புறுதியைத்தான் முதலில் நாடவேண்டும். மரம் பட்டுப்போயிருப்பதை எழுத்தில் முன்பே அறிவித்தும் அவர் கவனிக்கவில்லை என்றால் நிலைமை வேறு. பனி அகற்றும் வாகனம் மோதியிருந்தால் திகதி, நேரம், படத்தோடு தாமதிக்காமல் மாநகர சபைக்கு முறையிடுங்கள்.

ஒரு வருடத்துக்கு நான்கு வேலை

நன்றாக நட்ட வேலிக்கும் கவனிப்பு வேண்டும். ஒக்ரோபரில் தூணடியில் குவிந்த இலைகளையும் மண்ணையும் அகற்றி, தளர்ந்த ஸ்குரூக்களை இறுக்குங்கள். கூரை நீர் இறங்கும் குழாய் வேலியடியில் கொட்டினால் வேறு திசைக்குத் திருப்புங்கள். ஈரமில்லாத மண் குறைவாகவே எழும். குளிர்காலத்தில் வேலியோரம் பனி குவிக்காதீர்கள். ஏப்ரலில் கயிறு கட்டிப் பாருங்கள். கோடையில் ஈரம் தடுக்கும் பூச்சைப் பூசுங்கள். புதிய மருந்தூட்டிய மரம் முதலில் காயவேண்டும். தண்ணீர் தெளித்தால் மரம் உறிஞ்சுகிறது என்றால் பூசலாம்.

ஒரு வேலி நாலு அடி ஆழத்தில் நிற்க ஒரு நாள் கூடுதலாக வியர்க்க வேண்டும், சில பை சீமெந்து கூடுதலாக வேண்டும். ஊரில் ஒவ்வொரு பருவமும் செய்த வேலையை இங்கே ஒரே தடவையில் செய்கிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம். குழி ஆழமாக இருந்தால், அடுத்த மார்ச்சில் பனி கரையும்போது சன்னலைத் திறந்து பார்க்கையில் வேலி நட்ட இடத்திலேயே நிற்கும்.